தகப்பனின் தொழில்

1

வருகிற சனிக்கிழமை என் பேரனுக்கு முதலாவது பிறந்தநாள் கொண்டாட்டம். ஸ்காபரோவில் ஒரு சின்ன மண்டபம் எடுத்திருக்கிறோம். கேக், பலூன், சாப்பாடு எல்லாவற்றுக்கும் என் மனைவி மலர் பட்டியல் போட்டு முடித்துவிட்டாள். சம்பந்தியம்மா வருவாரா என்பது மட்டும் முடிவாகாமல் கிடக்கிறது. போன வருடம் இதே பிள்ளைக்குப் பெயர் வைக்கப்போய் எங்கள் வீட்டில் நடந்ததை ஊரில் இருக்கும் நீங்கள் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே நடக்கும் சங்கதி தொலைபேசி வழியாக உங்களிடம் வந்து சேரும்போது அதற்குக் கையும் காலும் முளைத்துவிடும். ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கனடாவில் என் குடும்பப் பெயர் கந்தசாமி. என் தகப்பனின் பெயரோ வெறும் கந்தன். அவர் வீடு வீடாகப் போய்த் தலைமயிர் வெட்டியவர். இந்த இரண்டையும் முப்பது வருடத்துக்கு மேலாக மறைத்து வைத்திருந்தேன். என் ஒரே மகள் அபிராவுக்கும் சொல்லவில்லை.

2

அபிரா அப்போது எட்டு மாதக் கர்ப்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளும் மருமகன் கௌதமும் அஜக்ஸிலிருந்து சாப்பிட வந்திருந்தார்கள். கௌதம் போய்த் தன் தாயார் பவளராணி அக்காவையும் யூனியன்வில்லிலிருந்து கூட்டி வந்தார். அக்கா கணவரை இழந்தவர், ஒற்றை ஆளாக உழைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்தவர். அபிராவுக்கு வாந்தி என்று கேள்விப்பட்டால் ரசம் வைத்துப் போத்தலில் ஊற்றிக் கொடுத்துவிடுவார். நல்ல மனுசி. இதை நான் கடைசிவரை சொல்லுவேன்.

சாப்பிட்டு முடிய அபிரா கைத்தொலைபேசியை எடுத்தாள். பிள்ளைப் பெயர்களுக்கென்றே ஒரு செயலி இருக்கிறதாம்.

“அப்பா, லாஸ்ட் நேமை ஃபர்ஸ்ட் நேமா வைக்கிறதுதான் இப்ப ட்ரெண்ட். கார்ட்டர், மேசன், கூப்பர். எல்லாம் ஒரு காலத்தில செய்த வேலையின்ர பேர். கியூட்டா இல்லையோ?”

நான் வாய் திறக்குமுன் அக்கா திறந்தார்.

“என்ன பிள்ளை, மேசன் எண்டால் சீமெந்து குழைக்கிறவனோ? இண்டைக்கு மேசன் எண்டு வைப்பியள், நாளைக்கு மயிர் வெட்டுற பாபர் எண்டும் வைப்பியள். பிறகு ஊரில எங்கட முத்தத்தில சாக்கைப் போட்டு இருத்தினவனுக்கும் என்ர பேரனுக்கும் என்ன வித்தியாசம்?”

கௌதம் சிரித்தார். அபிராவும் பாதி விளங்கிச் சிரித்தாள். மலர் சிரித்தாள். நானும் சிரித்தேன், அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை. சிரித்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போவதுபோல எழுந்து குசினிக்குப் போனேன். அந்தச் சாக்கு எனக்குத் தெரியும். அப்பு, அதாவது என் தகப்பன், தொழிலுக்குப் போகும் வீடுகளில் எல்லாம் முற்றத்து மூலையில் அவருக்கென்று ஒரு சாக்கு இருந்தது. ஆறு வயதுப் பையனும் அவரை ‘நீ’ என்றுதான் கூப்பிடுவான். அவர் அவனைத் ‘தம்பி, கொஞ்சம் குனியுங்கோ’ என்பார்.

அபிராவும் கௌதமும் பல்கலைக்கழகத்தில் பழகித் தாங்களே முடிவு செய்து கட்டியவர்கள். இருந்தாலும் நிச்சயதார்த்தத்துக்கு முன்னர் அக்கா எங்கள் வீட்டுச் சோபாவில் இருந்து என்னை ஒரு கேள்வி கேட்டார். “அண்ணை, ஊரில எவடம்?” வெள்ளைக்காரனுக்கு இது வெறும் விலாசம் விசாரிப்பதாகத் தோன்றும். எங்களுக்கு அப்படி இல்லை. ஊரின் பெயரைச் சொன்னால் எந்தக் குறிச்சி என்று வரும், குறிச்சியைச் சொன்னால் எந்த ஒழுங்கை என்று வரும், ஒழுங்கையைச் சொன்னால் சாதி தானாக வந்து சபையில் இருந்துவிடும். நான் “கோயிலடி” என்றேன். கோயிலடியில் இருந்தவர்கள் பெரிய தோட்டக்காரர்கள். அக்காவின் முகம் இளகியது. மலர் தேத்தண்ணீர்த் தட்டத்தை மேசையில் வைத்தபோது கப்புகள் ஒன்றோடொன்று தட்டுப்பட்டன.

3

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். காலையில் என் கையில் ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கும். பிள்ளைகள் ஏற ஏற அதில் சரி போட வேண்டும். மேசன், கூப்பர், கார்ட்டர், சோயர், ஹன்டர், இரண்டு டெய்லர், அதில் ஒன்று பெண்பிள்ளை. வந்த புதிதில் ஆங்கில வகுப்புக்குப் போய்ச் சொல்லுக்குச் சொல் பொருள் தேடிப் பழகியவன் ஆகையால் எனக்கு இந்தப் பட்டியல் வேறு விதமாகக் கேட்கும். கல் கட்டுகிறவன் ஏறிவிட்டான். பீப்பாய் செய்கிறவன் ஏறிவிட்டான். வண்டில்காரனுக்குக் காய்ச்சல், இன்று வரமாட்டான். மரம் அரிகிறவன் பின் சீற்றில் இருந்து வேட்டைக்காரனின் தொப்பியைப் பறிக்கிறான்.

ஒருநாள் கூப்பரின் தாயிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், உங்கள் குடும்பத்தில் யாராவது பீப்பாய் செய்தார்களா என்று. அவள் பல் வைத்தியர். விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படி யாரும் இல்லையாம், பெயரின் சத்தம் பிடித்திருந்ததாம். உறுதியான பெயராக இருக்கிறதாம், கையால் உழைத்த மனிதனின் பெயர் என்பதில் ஒரு கம்பீரம் இருக்கிறதாம்.

இந்தப் பெயர்களைப் பற்றி இங்கே இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். நாகரிகம் என்று ஒரு கூட்டம். வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு வண்டில்காரன் என்று பெயர் வைப்பது வெறும் வேஷம் என்று இன்னொரு கூட்டம். எனக்கு இரண்டிலும் சேர முடியவில்லை. எனக்கு வந்தது பொறாமை. வெளிப்படையாகவே சொல்கிறேன். கூப்பர் என்று கூப்பிட்டு யாரும் அந்தப் பல் வைத்தியரின் பாட்டனாரைக் கிணற்றடியில் இருந்து துரத்தவில்லை. அவர்களிடம் தொழில் போனபின் பெயர் மட்டும் சுத்தமாக மிஞ்சியது. எங்களிடம் தொழிலை விட்டு எத்தனை கடல் தாண்டினாலும் பெயர் பின்னால் வந்து கதவைத் தட்டுகிறது. என் அப்புவைக் கந்தன் என்று கூப்பிட்டவர்களே குறைவு. தொழிலைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அதுவும் ஒரு ‘டேய்’ சேர்த்து.

பட்டியலில் சரி போடும்போது சில நாள் பேனை அந்தப் பெயரில் நின்றுவிடும். பல் வைத்தியரின் மகன் “குட் மோர்னிங், மிஸ்டர் கே” என்பான். கந்தசாமி அவன் வாயில் நுழையாது.

4

அந்தச் சாமி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் சாமி, பிள்ளை, துரை என்று முடியும் பெயர்கள் பெரிய ஆட்களுக்கு உரியவை. எங்கள் ஆட்கள் பிறப்புப் பதியப் போனால் பதிகிறவர்கள் பின்பாதியை வெட்டிவிட்டுத்தான் எழுதுவார்கள். அப்புவின் தகப்பன் தன் பிள்ளைக்குக் கந்தசாமி என்று சொல்லத்தான் போனாராம். எழுதியவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கந்தன் என்று எழுதினாராம். என் பிறப்புப் பத்திரத்தில் தகப்பனின் பெயர் என்ற கட்டத்தில் கந்தன் இருந்தது. அதற்குக் கீழே தகப்பனின் தொழில் என்று இன்னொரு கட்டம். அதையும் நிரப்பியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேரும்போது அந்தத் தாளை வாத்தியார் வகுப்பில் சத்தமாக வாசித்தார்.

அகதியாக வந்து இறங்கியபோது அந்தப் பத்திரம் என்னிடம் இல்லை. கொழும்பில் தங்கியிருந்த இடத்தில் வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தேன். விமான நிலையத்தில் ஒரு கண்ணாடி அறையில் இருத்தினார்கள். கனடா அதிகாரி ஒரு இளம்பெண், நித்திரைக் கண்ணோடு இருந்தாள். மொழிபெயர்க்க ஒரு தமிழர் வந்திருந்தார். கழுத்துப்பட்டி கட்டி, நெற்றியில் மெல்லிய திருநீறு. அதிகாரி வாயைத் திறக்குமுன் அவர் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். “தம்பி, ஊரில எவடம்?”

எனக்கு வியர்த்துவிட்டது. ஆமிக்காரனிடம் அடிவாங்கியபோது வராத வியர்வை. கோயிலடி என்ற பொய் அன்றைக்குத்தான் முதன்முதல் என் வாயில் வந்தது. பிறகு அதிகாரி தகப்பனின் பெயரைக் கேட்டாள். அவளுக்குக் கந்தனும் ஒன்றுதான், கந்தசாமியும் ஒன்றுதான். எந்தப் பெயரைச் சொல்லியிருந்தாலும் அதையே தட்டச்சு செய்திருப்பாள். நான் அவளுக்குப் பொய் சொல்லவில்லை. கந்தசாமி என்ற பொய்யைப் பக்கத்தில் இருந்த தமிழருக்குச் சொன்னேன். அது கனடா அரசாங்கத்தின் பதிவில் ஏறி, என் குடும்பப் பெயராகி, என் மகளின் பள்ளிச் சான்றிதழ், பட்டம், கலியாணப் பதிவு எல்லாவற்றிலும் இறங்கிவிட்டது.

இப்படி ஒரு பிழையை வேறு எந்த நாட்டு அகதியும் செய்திருக்க மாட்டான் என்று நினைக்கிறேன்.

5

பிள்ளை பிறந்தது ஒரு சனிக்கிழமை விடிகாலை. ஆண்பிள்ளை, தலை நிறைய மயிர். வழக்கப்படி முப்பத்தொன்று, அதாவது பிள்ளை பிறந்த துடக்குத் தீட்டைக் கழிக்கும் முப்பத்தோராம் நாள் சடங்கு, முடியும்வரை தாயும் பிள்ளையும் எங்கள் வீட்டில் இருப்பது என்று ஏற்பாடு.

ஒரு கிழமை போயிருக்கும். மலர் பத்தியக் கறிக்குச் சரக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். அபிரா பிள்ளையை மடியில் வைத்தபடி என்னைக் கூப்பிட்டாள்.

“அப்பா, உங்கட அப்பா என்ன வேலை செய்தவர்?”

“ஏன் கேக்கிறாய்?”

“கார்ட்டர் எல்லாம் வேண்டாம் எண்டு முடிவு பண்ணிட்டம். அது ஆரோ வெள்ளைக்காரன்ர தாத்தான்ர வேலை. எங்கட ஃபாமிலி செய்த வேலையை வைச்சு ஒரு பேர் எடுப்பம். அதோட தாத்தான்ர பேரை மிடில் நேமாப் போடுறன். ஐ வோன்ட் இட் டு பி ட்ரூ, அப்பா.”

உண்மையான பெயராக இருக்க வேண்டுமாம். நான் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். “தோட்டம் செய்தவர்.”

யோசிக்கவே இல்லை. கோயிலடி என்று பழகிய வாய் அது. சரக்கு அரைத்த சத்தம் ஒரு கணம் நின்று மீண்டும் தொடங்கியது.

அபிரா செயலியில் தேடினாள். கிரேஞ்சர் என்று ஒரு பெயர் அகப்பட்டது. பண்ணை நிலத்தைப் பார்த்தவன் என்று பொருளாம். கிரேஞ்சர் கந்தசாமி, கடைசியில் கௌதமின் குடும்பப் பெயர் சிவலிங்கம். அவளுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை, கௌதமுக்கும் பிடித்துப்போயிற்று. அன்று பின்னேரம் அக்கா வந்தபோது பொருளைச் சொன்னார்கள். நான் நினைத்தேன், இவர் எப்படியும் மறுத்துவிடுவார், தப்பினேன் என்று. அக்கா பிள்ளையைத் தூக்கிக் கன்னத்தில் கொஞ்சினார்.

“தோட்டக்காரர் எண்டால் பரவாயில்லை. நாங்களும் தோட்டக்காரர்தானே. என்ன அண்ணை?”

நான் தலையாட்டினேன்.

இந்த மாகாணத்தில் பிள்ளை பிறந்து முப்பது நாளுக்குள் இணையத்தில் பதிய வேண்டும். அபிரா படிவத்தை நிரப்பிச் சேமித்து வைத்தாள். தாயும் தகப்பனும் சம்மதித்து அனுப்புவதுதான் பாக்கி. முப்பத்தொன்றைக் கெடுவுக்கு முந்திய சனிக்கிழமையே வைத்து, கோயில் ஐயர் பெயரைச் சொன்னபின் அனுப்புவது என்று முடிவு. அதற்குப் பிறகு நான் பஸ்ஸில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும் நாள் எண்ணிக்கொண்டே இருந்தேன். என் பொய்யை நான் சுமந்தது போதாதென்று, கண்ணே சரியாகத் திறக்காத ஒரு பிள்ளையின் பெயரில் முன்னுக்கு ஒன்றும் நடுவில் ஒன்றுமாக ஏற்றி வைத்திருக்கிறேன். அவன் வளர்ந்து, இதுதான் எங்கள் குடும்பத்தின் உண்மை என்று தன் பிள்ளைகளுக்குச் சொல்வான்.

6

மலரிடம் சொன்னேன், அபிராவுக்கு உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று. அவளும் எங்கள் ஆட்கள்தான். அவளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அவள் கழுவிய கோப்பையைத் திரும்பவும் கழுவினாள்.

“இப்ப வாயைத் திறந்தீங்கள் எண்டால் என்ர பிள்ளை வாழாமல் வந்து நிப்பாள். தெரியுமோ?”

“கௌதம் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை.”

“கௌதமைச் சொல்லேல்லை. அந்த மனுசி இந்தப் பிள்ளையைத் தூக்காது. தூக்கினாலும் கைகழுவும். நான் அதைப் பாத்துக்கொண்டு நிக்கவோ?”

“அப்ப அவன் கிரேஞ்சராவே இருக்கட்டும் எண்டுறீரோ?”

“இருக்கட்டும். கனடாவில எத்தினை பேர் என்னென்ன பேரோட இருக்கினம். உங்கட அப்புவின்ர பேர் சரியா வரவேணும் எண்டு எவன் அழுகிறான்?”

நான் அழுதேன். சிங்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அபிராவுக்குக் கேட்கக் கூடாது என்று மலர் குசினிக் கதவைச் சாத்தினாள். பிறகு அவளும் அழுதாள். முடிவில் ஒன்றும் முடிவாகவில்லை. முப்பத்தொன்று கழிந்து அபிரா தன் வீட்டுக்குப் போகட்டும், அதுவரை வாயை மூடுங்கள் என்றாள். அதற்குள் படிவம் போய்விடும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

7

டொரன்டோவில் முப்பத்தொன்று எப்போதும் சனிக்கிழமையில்தான் வரும். பிறந்து இருபத்தெட்டாம் நாளே எங்களுக்கு முப்பத்தொன்று. ஐயர் ஒன்பது மணிக்கு வந்து கும்பம் வைத்தார். பத்தரைக்குள் பிள்ளைக்கு மொட்டை அடித்து முழுக வார்க்க வேண்டும், தனக்குப் பதினொன்றரைக்கு ரெக்ஸ்டேலில் இன்னொரு வீடு இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

மொட்டைக்கு ஆள் பிடிக்கும் பொறுப்பை அக்கா எடுத்திருந்தார். தமிழ்ச் சலூன் ஒன்றுக்குச் சொல்லியிருந்தாராம். பத்து மணியாகியும் ஆள் வரவில்லை. அக்கா தொலைபேசி எடுத்தார், ஒலிபெருக்கியில் போட்டார்.

“அன்ரி, நான் அண்டைக்கே சொன்னனான், வீட்டுக்கு வாறதில்லை எண்டு,” என்றது ஒரு இளம் குரல். “ஊரில எங்கட ஆக்கள் வீடு வீடா அலைஞ்சது போதும். இஞ்ச கடை இருக்கு. பிள்ளையைக் கொண்டு வாங்கோ, முதல் ஆளா வடிவாச் செய்து விடுறன்.”

அக்கா துண்டித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “பாத்தீங்களோ அண்ணை, என்ன வாய் எண்டு? இஞ்ச வந்தும் அவைக்கு நினைப்பு.”

எனக்கு அந்தப் பையனின் முகம் தெரியாது. ஆனால் அவன் பேசியதைக் கேட்டபோது நெஞ்சு நிமிர்ந்தது. உடனே வெட்கமும் வந்தது. அவன் சொந்தக் குரலில் சொல்லிவிட்டான், நான் தலையாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கௌதம் தன் மின்சாரக் கத்தியைக் கொண்டுவந்து பிள்ளையின் தலையில் வைத்தார். அது போட்ட இரைச்சலில் பிள்ளை வீரிட்டுக் கத்தினான். ஒரு பக்கத்தில் நாலு விரல் அகலம் போனது, மிச்சம் அப்படியே நின்றது. அபிரா “ஸ்டாப், ஸ்டாப்!” என்று பிள்ளையைப் பறித்தாள். ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

நான் மேலே போனேன். இன்றைக்கும் நான் மடக்குக் கத்தியில்தான் முகம் வழிப்பவன். புது பிளேட் ஒன்று பூட்டி, கையை இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, இளஞ்சூட்டுத் தண்ணீரோடு இறங்கி வந்தேன். மலர் படியடியில் நின்று என்னை மறித்தாள். “வேண்டாம்,” என்றாள், சத்தம் வராமல். நான் அவளைக் கடந்து போனேன்.

“பிள்ளையைத் தா,” என்றேன் அபிராவிடம்.

“அப்பா, ஆர் யூ ஷுவர்?”

“தா.”

நிலத்தில் குந்தியிருந்து பிள்ளையின் தலையை இடது முழங்காலில் வைத்தேன். தண்ணீரை உள்ளங்கையில் எடுத்து மயிர் பதமாகும்வரை தடவினேன். காதுக்குப் பின்னால் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தேன், அழுகை விக்கலாகி நின்றது. இடது பெருவிரலால் தோலை இழுத்துப் பிடித்து உச்சியில் இருந்து முன்னுக்கு இறக்கினேன். உச்சிக்குழி துடிப்பது தெரிந்தது. பத்து வயதில் அப்பு என் கையைப் பிடித்து அந்த இடத்தை எப்படிக் கடப்பது என்று காட்டியிருக்கிறார். நாற்பது வருடத்துக்கு மேல் ஒரு பிள்ளையின் தலையையும் நான் தொட்டதில்லை. பயத்தில் வாய் உலர்ந்துபோயிற்று, கை மட்டும் நடுங்கவில்லை.

மயிர் ஒட்டிய கத்தியை ஒவ்வொரு இழுப்புக்கும் என் இடது மணிக்கட்டில் துடைத்தேன். துவாய் பக்கத்தில்தான் இருந்தது. கை அதைத் தேடவில்லை. தொழில் செய்தவர்கள்தான் அப்படித் துடைப்பார்கள்.

முடித்து நிமிர்ந்தபோது அக்கா என் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அண்ணை,” என்றார். “நீங்கள் ஊரில எவடம்?”

மலர் கண்ணை மூடிக்கொண்டாள்.

“முந்திக் கோயிலடி எண்டு சொன்னன் அக்கா. பொய். குளத்துக்கு அங்கால, எங்கட ஆக்கள் இருக்கிற ஒழுங்கை. அப்பு வீடு வீடாப் போய்த் தலைமயிர் வெட்டினவர், துடக்குக் கழிவுக்குப் பிள்ளையளுக்கு மொட்டை வழிச்சவர். அவரின்ர பேர் கந்தசாமி இல்லை. கந்தன்.”

ஐயர் கும்பத்தில் இருந்த மாவிலையைச் சரிசெய்தார்.

“பிள்ளையை முழுக வாருங்கோ,” என்றார் அக்கா. கைப்பையை எடுத்தார். “கௌதம், காரை எடு. நானும் வீட்டை போய் முழுக வேணும்.”

முடிவெட்டுகிறவர் வந்து போனால், அவர் தொட்டவர்கள் முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவது எங்கள் ஊர் வழக்கம். நான் அவரைத் தொடவே இல்லை.

கௌதமுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அம்மா, லன்ச் இருக்கு” என்றார். அதற்குள் அக்கா வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் நெடுஞ்சாலையில் கார் ஓட்டமாட்டார். கௌதம் என்னையும் அபிராவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு போனார்.

8

ஐயர் ரெக்ஸ்டேலுக்குப் போய்விட்டார். பிள்ளை முழுகிச் சாம்பிராணி வாசத்தோடு நித்திரையாகிவிட்டான். நான் சோபாவில் இருந்தேன். அபிரா எனக்கு நேரே வந்து நின்றாள்.

“தோட்டம் எண்டு சொன்னீங்கள்.”

“ஓம்.”

“நான் அதை நம்பி ஃபோர்மில போட்டிட்டன் அப்பா. பாபர் எண்டால் என்ன? இட்ஸ் எ ஜாப். அதுக்கு முப்பது வருஷமோ?”

எனக்கு அது அடி வாங்கியதைப்போல இருந்தது. அவளுக்கு அது ஒரு வேலை, அவ்வளவுதான். அப்படித்தான் அவள் வளர வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன், அதற்காகவே எல்லாவற்றையும் மறைத்தேன். மறைத்ததால் என் நோவு அவளுக்கு விளங்கவில்லை. சாக்கைப் பற்றிச் சொன்னேன். வாத்தியார் வாசித்த பத்திரத்தைப் பற்றிச் சொன்னேன். கண்ணாடி அறையில் ‘எவடம்’ என்று கேட்டவரைப் பற்றியும் சொன்னேன். அவள் பாதியில் உட்கார்ந்துவிட்டாள்.

“இப்ப மாமி போனது அதுக்கோ?”

“ஓம்.”

“நீங்கள் ஆருக்குப் பயந்தனீங்கள்? எனக்கோ?”

“முதல்ல எவடம் எண்டு கேட்ட அந்த மனுசனுக்கு. பிறகு எல்லாருக்கும். உனக்கும்தான்.”

“ஐ அம் சோ மாட் அட் யூ,” என்றாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு மடிக்கணினியைத் திறந்தாள். மலர் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், தடுக்கவில்லை. அபிரா கிரேஞ்சரை அழித்தாள். கந்தசாமியை அழித்தாள். முதற்பெயர் என்ற கட்டத்தில் கந்தன் என்று எழுதினாள். நடுப்பெயரை வெறுமையாக விட்டாள்.

தகப்பனும் சம்மதிக்க வேண்டும். அவள் கௌதமுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“எங்க நிக்கிறீங்கள்?”

“ஃபோர் ஓ செவன் ஹைவேயில. ட்ராஃபிக். அம்மா அழுகிறா, அபி. எனக்கு ஒண்டும் சொல்றா இல்லை.” காரின் ஒலிபெருக்கியில் பேசுகிறார் என்பது கேட்டது.

“நான் பிறகு சொல்றன். பேரை மாத்திட்டன். கந்தன். அப்பான்ர அப்பான்ர பேர். அவரின்ர சரியான பேர். நீங்கள் ஓக்கேயோ?”

கார் ஓடும் இரைச்சல் மட்டும் வந்தது. மலர் என் தோளைப் பிடித்திருந்தாள்.

“கந்தன்,” என்றார் கௌதம், சொல்லிப் பார்ப்பதுபோல. “கந்தன் சிவலிங்கம். ஓம். ஐ லைக் இட். போடுங்கோ.”

பக்கத்தில் இருந்து அக்காவின் குரல் வந்தது. அழுத குரல், ஆனால் கோபமில்லை. கெஞ்சிய குரல்.

“பிள்ளை அபிரா. நடந்தது நடந்து போச்சு. நான் ஆருக்கும் சொல்லமாட்டன், சத்தியமா. பேரைக் கந்தசாமி எண்டே போடம்மா. என்ர சனம் கேட்டால் நான் என்னண்டு சொல்லுவன்? அந்தச் சாமியை மட்டும் சேர்த்து விடம்மா.”

அபிரா என்னைப் பார்த்தாள். அவளுடைய விரல் விசைப்பலகையில் நின்றது.

நான் தொலைபேசியை அவள் கையில் இருந்து வாங்கினேன்.

“அது நான் சேர்த்தது அக்கா,” என்றேன். “அவன் கந்தன்தான்.”